நூம்பல் ஷெட்டில் நான் குனியாத இடம்

1. வாரண்ட்

கோர்ட்டுக்காக நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற கமிஷனராகக் கோர்ட் என்னை முதன்முதலில் போட்டபோது எனக்கு வக்கீல் தொழிலில் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வக்கீலைப் போட்டதே எங்கள் பார் அசோசியேஷனில் பேச்சாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வழக்கு போட்டது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேன் செய்கிற ஒரு கம்பெனி. சீலிங் ஃபேனின் கொக்கியை மூடுமே ஒரு கிண்ணம், அதைத் தகட்டில் அடிக்கிற டையை, அதாவது இரும்பு அச்சை, வேலையை விட்டுப் போன பிரஸ் ஆபரேட்டர் ஏழுமலை எடுத்துப்போய்விட்டார், நூம்பலில் ஷெட் போட்டு அதே கிண்ணத்தை அடித்து விற்கிறார் என்பது புகார். நோட்டீஸ் கொடுத்தால் டை இடம் மாறிவிடும் என்று சொல்லி, எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு வாங்கிவிட்டார்கள். கமிஷனர் நேரில் போய்த் தேட வேண்டும். கம்பெனி நம்பர் போட்ட டை இருந்தால் குறித்துக்கொண்டு, இருக்கிற நிலையிலேயே சீல் வைக்க வேண்டும்.

போனது கம்பெனி காரில்தான். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம், மனு போட்டவர்தான் வண்டி பிடிப்பார். வேலப்பன்சாவடி வரும்வரை கம்பெனி மேனேஜர் ராகவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏழுமலையைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தேன். அந்த 'ம்'மே தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது.

2. சீல்

ஓலைக்கூரை ஷெட். ஒரே ஒரு பவர் பிரஸ், ஒரு பழைய லேத், அவ்வளவுதான். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா அடித்த கிண்ணங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பிரஸ்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. ஷெட்டுக்குள் நுழைந்ததுமே அது தெரிந்தது.

நான் உத்தரவைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஏழுமலை சண்டைக்கு வரவில்லை. பிரஸ்ஸை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

டை பிரஸ்ஸிலேயே மாட்டியிருந்தது, முழங்கால் உயரத்தில். தரையெல்லாம் எண்ணெய். நான் கட்டியிருந்தது வெள்ளைப் புடவை, அன்றைக்குத்தான் முதல்முறை கட்டியது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் புடவைக்காக நான் குனியவில்லை. "நீங்க நில்லுங்க மேடம், அழுக்காயிடும்" என்று ராகவன் தானே மண்டியிட்டு, வேஸ்ட் துணியால் பின்பக்கத்தைத் துடைத்து, நாலு இலக்க நம்பர் ஒன்றைச் சத்தமாகப் படித்தார். கம்பெனி கொடுத்த பட்டியலில் அந்த நம்பர் இருந்தது. நான் நின்றபடியே எழுதினேன்.

அப்போதுதான் ஏழுமலை வாயைத் திறந்தார்.

"அம்மா, அது நானே வெட்டுன டை. அதுல நம்பரே கெடையாது. பின்னால என் குறிதான் கீது. ஒரு தபா நீங்க குனிஞ்சு பாத்துட்டு எழுதுங்கம்மா."

"உங்க ஆட்சேபணையெல்லாம் கோர்ட்ல சொல்லிக்குங்க" என்றேன். கமிஷனர் என்றால் அப்படி விறைப்பாகப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

டையோடு சேர்த்துப் பிரஸ்ஸையே துணி சுற்றிக் கட்டி, அரக்கு உருக்கி சீல் வைத்தோம். குறிப்பில் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஏழுமலை மறுப்பு எதுவும் எழுதவில்லை. கன்னியம்மாவைப் பார்த்தார், அப்புறம் போட்டார். ஒரு பெரிய 'ஏ', அதன் பின்னால் ஒரு கோடு.

3. எட்டு மாதம்

அந்த டையை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று ஏழுமலையின் வக்கீல் மனு போட்டார். கம்பெனி தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. கையில் கமிஷனர் ரிப்போர்ட் இருக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம்? எட்டு மாதம் கழித்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு சீலை உடைத்துப் பார்க்கச் சொல்லி என்னையே திரும்ப அனுப்பினார்கள். இந்தத் தடவை பூந்தமல்லியில் பஸ் பிடித்துப் போனேன்.

லேத் நின்ற இடம் காலி. ஏழுமலை அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிற கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார். நான் சீலை உடைத்து, துணியைப் பிரித்து, மண்டியிட்டுப் பின்பக்கத்தை என் கையாலேயே துடைத்தேன்.

நம்பர் எதுவும் இல்லை. உளியால் வெட்டிய ஒரு தமிழ் எழுத்து மட்டும் இருந்தது. என் குறிப்பின் அடியில் அவர் போட்ட அதே 'ஏ'.

என் சீனியர் நல்ல மனிதர், எனக்காகக் கவலைப்பட்டார். "வாதி தரப்பு காட்டியபடி குறிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடு, உன் பேர் கெடாது என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அந்த வரியை எழுதினால் நான் தப்பிப்பேன், நான் பார்க்கவேயில்லை என்பது மறைந்து, ஏழுமலை சொன்னது பாதி உண்மையாகத்தான் நிற்கும். முதல் ரிப்போர்ட்டில் உள்ள நம்பரை நான் கண்ணால் பார்க்கவில்லை, மேனேஜர் சொன்னதை எழுதினேன் என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஜட்ஜ் அதை இரண்டு தடவை படித்தார். "அவங்க சொல்றதை எழுத அவங்க குமாஸ்தா போதுமே. உங்களை எதுக்கு அனுப்பினேன்?" என்றார். ஹால் நிறைய ஆட்கள். அதன் பிறகு நாலைந்து வருஷம் எந்தக் கோர்ட்டும் என்னைக் கமிஷனராகப் போடவில்லை. அது நியாயம்தான்.

வழக்கு தள்ளுபடியானது. டை ஏழுமலைக்கே என்று ஆயிற்று. ஆனால் அவரிடம் கிண்ணம் வாங்கியவர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது கமிஷனராகப் போகிற இளம் வக்கீல்கள் நீங்கள் போனில் படம் எடுத்து ரிப்போர்ட்டோடு இணைத்துவிடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் படமும் யாரோ காட்டுகிற பக்கத்தைத்தான் எடுக்கும். கூட்டிப்போனவர் காட்டாத பக்கத்தையும் நீங்களே போய்ப் பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தொண்ணூறுகளில் திரும்பவும் என்னைப் போட ஆரம்பித்தபோது, பையில் ஒரு பழைய புடவையோடுதான் போவேன்.

தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

"எட்டு மாசம்மா" என்றார். "நீங்க ஒரு தபா குனியறதுக்கு எட்டு மாசம் ஆச்சு."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதிய ஷிப்டுக்கு அண்ணனூர் போக வேண்டியிருந்தது அவருக்கு.