கிண்ணத்தைப் பாராதவர்

பஞ்சகெந்த் நகரில் எங்கள் தேநீர்க்கடைச் சுவரில் ஒரு சித்திரம் உண்டு. பழைய அரசவையில் கிண்ணம் ஏந்தும் ஆள். குடுவையைச் சாய்த்திருக்கிறான், ஆனால் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கிறான்.

அதன் கீழேதான் ஹோல்முராத் அண்ணன் உட்காருவார். நாற்பது வருடம் ரொட்டி சுட்டவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் கூடும் எங்கள் பதினோரு பேருக்கும் அவர்தான் ஊற்றுவார். புதுத் தேநீரை மூன்று முறை கிண்ணத்தில் வார்த்து, மறுபடி கெண்டியிலேயே கவிழ்ப்பார். அடுத்து வார்க்கும் முதல் கிண்ணம் அவருக்கு. நஞ்சிருந்தால் ஊற்றுபவனே சாகட்டும் என்ற ராஜா காலத்து வழக்கம் என்பார்கள்.

"இன்னும் சாகலையா அண்ணே?"

"உன்ன அனுப்பிட்டுத்தான்டா போவேன்."

மற்றவர்களுக்கு அரைக்கிண்ணம்தான். அரைக்கிண்ணம் என்றால் இன்னும் இரு; நிறைகிண்ணம் என்றால் எழுந்து போ. அவர் கை ஒருநாளும் தப்பியதில்லை. அதுவும் கிண்ணத்தைப் பார்க்காமலே. சுவரிலிருந்து இறங்கி வந்தவர் என்று நாங்கள் பெருமையடிப்போம்.

எங்களில் ஒருவரான குத்பித்தீனும் அவர் தம்பி நஸ்ருல்லாவும் ஐந்து வருடமாகப் பேசுவதில்லை. வாதுமைத் தோப்புக்கு வாய்க்காலில் யார் முறை என்ற சண்டை. ஹோல்முராத் மூன்று முறை நடந்துபோய், கெஞ்சி, ஒரு வெள்ளிக்கிழமை நஸ்ருல்லாவை வரவழைத்துவிட்டார். அவன் வாசலோரம் உட்கார்ந்தான். குத்பித்தீன் கோடியில் தலைகுனிந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கல்யாண ஊர்வலம். ஆள் உயரத்துக்கும் நீண்ட பித்தளைக் கொம்புகள் பிளிறின. ஹோல்முராத் நஸ்ருல்லாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஊற்றினார். நீட்டிய கிண்ணம் விளிம்பு வரை தளும்பியது.

நஸ்ருல்லா அதைப் பார்த்தான். பிறகு கோடியிலிருந்த குத்பித்தீனைப் பார்த்தான்.

"வெளிய போன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் கூப்பிடச் சொன்னே?"

"நான் ஒண்ணுமே சொல்லலடா!" என்றார் குத்பித்தீன்.

அவன் செருப்பைத் தேடினான். தன் கட்டை விரலில் வழிந்த தேநீரின் சூட்டில்தான் ஹோல்முராத்துக்கு விஷயம் புரிந்தது.

"தம்பி, நில்லு. அவன் மேல தப்பில்ல. எனக்குக் கண்ணு தெரியல."

யாரோ சிரித்தார்கள். "அப்போ இத்தன நாளா எதால ஊத்துன?"

"காதால. ரெண்டு வருஷமாச்சு. பாதிக் கிண்ணத்துல சத்தம் மாறும். கேட்டு நிறுத்துவேன். இன்னைக்கு இந்தக் கொம்பூதுறவனுங்க கெடுத்துட்டானுங்க."

முகத்தைப் பார்க்கிறார் என்று நாங்கள் புகழ்ந்ததெல்லாம் அந்த இரண்டு வருடத்தில்தான்.

விருந்தாளியை அவமதித்தவன் கெண்டியைத் தொடக்கூடாது என்பது வழக்கம். அவர் அதை நடுவில் தள்ளி வைத்தார். "வேற ஆளப் பாத்துக்கங்க."

நஸ்ருல்லா ஒற்றைச் செருப்போடு நின்றான். பிறகு அதைக் கழற்றிவிட்டு வந்தான். கெண்டியின் மூடியைத் திறந்து கிண்ணத்துத் தேநீரை உள்ளே கவிழ்த்தான். கெண்டியை ஹோல்முராத்தின் கையில் வைத்து, வெறுங்கிண்ணத்தை நீட்டினான்.

"ஊத்துண்ணே."

"ஊர்வலம் போகட்டும்டா. சத்தம் கேக்கல."

குத்பித்தீன் கோடியிலிருந்து எழுந்து வந்தார். தம்பி பிடித்திருந்த கிண்ணத்துக்குள், பாதி அளவில், ஆள்காட்டி விரலை வைத்தார்.

"நீ ஊத்து. விரல்ல பட்டா கத்துறேன்."

"சூடுடா, வெந்துடும்."

"அப்பத்தானே கத்த முடியும்?"

ஹோல்முராத் ஊற்றினார். கொம்போசைக்கு மேல் குத்பித்தீன் கத்தினார். நஸ்ருல்லா அரைக்கிண்ணத்தைக் குடித்துவிட்டு, மறுபடியும் நீட்டினான்.