மீதிப் பதினான்கு கன்றுகள்

பாராடாங் ஜெட்டியில் படகுக்காகக் காத்திருந்தபோது ஃபோன் அடித்தது. நம் அலுவலகக் காவலாளி பிஸ்வாஸ். “சுந்தர் பாய், மேடம் குஜர் கயீ.” மேடம் இறந்துவிட்டார் என்கிறார்.

“எந்த மேடம்?” என்று கேட்டேன். நம் அலுவலகத்தில் மேடம் என்றால் செல்வராணி ஒருவர்தான். அலுவலக நண்பர்களே, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டேன். காலையில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நாற்பத்து நான்கு வயது! இது என்ன அநியாயம்? அவர் மாயாபந்தரிலிருந்து வாங்கிவரச் சொன்ன பென்சில்கள் என் சட்டைப்பையில் இருந்தன.

பென்சில் கேட்டதற்குக் காரணமே நான்தான். நாற்றங்கால் பார்ப்பவன் நான். நிக்கோபாரில் ஒரே ஒரு தீவில் மட்டும் வளரும் பனைக் குடும்பத்து மரம் ஒன்று. தாய்மரங்கள் புயலில் சாய்ந்தபின் பொறுக்கிய விதைகளை முளைக்க வைத்திருந்தேன். பக்கத்திலேயே சாதாரணக் காட்டுக்கமுகு. அட்டைகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினேன். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. தட்டுகளை இடம் மாற்றிய பிறகுதான் கவனித்தேன். நாற்பது கன்று, எல்லாம் ஒரே மூஞ்சி. பூத்துக் காட்டிக்கொடுக்கப் பல வருஷம் ஆகும். கன்றுகளை அந்தத் தீவுக்குக் கொண்டுபோகும் கப்பலோ அடுத்த வாரம். காட்டுக்கமுகைக் கொண்டுபோய் அங்கே நட்டால், காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே அந்த இனத்தை இழந்துவிடுவோம்.

“எத்தன தடவ சொன்னேன், பென்சில்ல எழுதுங்கன்னு! மழை என்னா ஒங்களுக்கு மாமனா மச்சானா?” செல்வராணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு வந்த குடும்பம், கோபம் வந்தால் மலையகத் தமிழ்தான். திட்டி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கன்றிலும் நகத்தளவு இலை. அதைக் கேரட் துண்டின் பிளவில் செருகி, பிளேடால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார். தோலுக்கடியில் நார்க்கட்டுகள் தனித்தனியாக நின்றால் ஓர் இனம், நரம்போடு ஒட்டி நின்றால் மற்றது. முந்தின நாள் ஃபோனில், “இருபத்தாறு முடிஞ்சிச்சு. பதினேழு நம்ம மரம். மிச்சம் பதினாலு, நாளைக்கிப் பாத்துருவேன். பென்சில மறந்துறாதீங்கண்ணே” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

அவரை ஜங்லிகாட் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. “மருதாணியா? வீட்ல ஏதும் விசேஷமா இருந்துச்சா?” என்று ஓர் அம்மா கேட்டார். “இல்லம்மா, இலைக்குப் போட்ட சாயம்” என்றேன்.

மூன்றாம் நாள் அதிகாரி ஒருவர் சொன்னார்: “பதினாலுதானே, சேர்த்தே அனுப்பிடுங்க. யார் பார்க்கப் போறா?” ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. என் தப்பும் கப்பலேறிப் போய்விடுமே! ஆனால் செல்வராணி அடிக்கடி சொல்வது காதில் கேட்டது. “தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்கண்ணே. பொய்ப்பேரு வச்சா, அது காட்டுல மரமா நின்னு நம்மளப் பாத்துச் சிரிக்கும்.”

பதினேழு கன்றுகள் கப்பலேறின. பதினான்கு என்னிடமே இருக்கின்றன. சோதித்துச் சொல்லச் சென்னைக்கு இலை அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பென்சில் பழக்கம் ஒன்றுதான். அவருக்காக வாங்கியதில் ஒன்றைச் சீவி, பதினான்கு அட்டைகளிலும் எழுதினேன்: “தெரியாது. செல்வராணி பார்க்கவில்லை.”

நேற்று நல்ல மழை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட அழியவில்லை, தங்கச்சி.