முப்பத்தொன்று வரை எண்ணிய விளக்கு

பேய், சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இயற்பியல் படித்தவள். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் போதவில்லை, அதனால் ஏதோ உளறுகிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாப்பா பிறந்ததும் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு கொரட்டூர் ஃபிளாட்டில் இருந்தேன். பக்கத்து விண்மீன் திரள் ஒன்றின் தூரத்தை அளப்பதுதான் என் வேலை. சில நட்சத்திரங்கள் விரிந்து சுருங்கும். அவற்றின் வெளிச்சம் சட்டென்று ஏறி, மெல்ல இறங்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பதினெட்டு நாள் என்று கணக்குப் போட்டு, ஒட்டாத புள்ளிகளைப் பிழை என்று ஒதுக்கியிருந்தேன். மற்ற நட்சத்திரங்கள் காட்டிய தூரத்தைவிட இது குறைவாகவே வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஒண்ண சரி பண்ணிடும்மா. இல்லன்னா உன் இடத்த வேற யாருக்காவது குடுக்கற மாதிரி ஆயிடும்" என்று என் கைடு மேடம் போனில் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்காக எவ்வளவு ஏங்கினேன் என்று வீட்டில் சொல்லக்கூடக் கூச்சம். கைக்குழந்தையை விட்டுப் போக ஆசைப்படுகிறவள் என்ன அம்மா.

வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். பால் குடித்துக்கொண்டிருந்த பாப்பா நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். படுக்கையறை ஜீரோ வாட் பல்பு சட்டென்று ஏறி, மெல்ல மெல்ல இறங்கி, மறுபடி ஏறியது. நம்பினால் நம்புங்கள், ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வரை எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடியும் முப்பத்தொன்று. ஏழு முறை எண்ணியபின் அணைந்துவிட்டது.

"லோ வோல்டேஜா இருக்கும்டி" என்று கணவர் வந்து பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். உள்ளே இழை அறுந்து கலகலத்தது. "இது ஃபியூஸ் போன பல்பு. இது எங்க எரிஞ்சுது?"

பயந்துகொண்டேதான் லேப்டாப்பைத் திறந்து முப்பத்தொரு நாள் என்று போட்டேன். ஒதுக்கிய புள்ளிகள் எல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும் கோட்டில் வந்து உட்கார்ந்தன.

இப்போது வேலைக்குப் போகிறேன். பாப்பா பகலெல்லாம் அம்பத்தூரில் ஒரு காப்பகத்தில். ஏங்கிய அதே நாற்காலியில் உட்கார்ந்தால் பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது, பாதி நாள் அவள் நினைவிலேயே போகிறது.

போன வாரம் கூட்டிவரப் போனபோது காப்பகத்து ஆயா சொன்னார். "உம் பொண்ணு சமத்தும்மா, அழறதே இல்ல. சாய்ந்தரமானா அந்த மூலை பல்பயே பாத்துகினு கீது. அது எரிஞ்சே மாசக்கணக்காவுது, இன்னாத்த பாக்குதோ தெர்ல."

பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினேன். அவள் அந்த மூலை பல்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினாள். அதுவரை எதையும் எண்ணிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.