முந்நூறு துண்டுச் சேலை

தினமும் காலை பதினொரு மணிக்கு, கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் இருக்கும் கூரியர் அலுவலகத்தின் படியேறுகிறார் வெயிலம்மாள். வரிசை இருந்தால் நிற்பதில்லை. பக்கவாட்டில் போய், மூட்டைகளைப் பிரித்துப் போடும் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நமக்கு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்கிறார். அங்கே வேலை பார்க்கும் வேல்சாமி நிமிர்ந்து பார்க்காமலே இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

"நல்லாப் பாத்தியளா? சின்னப் பொட்டணமாத்தான் இருக்கும்."

"வந்தா நானே வீட்டுல கொண்டாந்து தருவேன்லா. எதுக்கும்மா இந்த வெயில்ல நடந்து வருதீங்க?"

"வெயிலம்மாளை வெயிலு என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். இதைத் தினமும் சொல்வதால் வேல்சாமி இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. வெயிலம்மாளும் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை. கக்கத்தில் ஒரு குடை இருக்கும். அதை விரித்து யாரும் பார்த்ததில்லை.

வயது அறுபத்து மூன்று. ஒல்லியான, நல்ல கறுப்பு உடம்பு. இருபத்திரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஜாரில் எதிரே வருகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானையைப் பார்க்கிற பழக்கம் ஒன்று இந்தச் சில மாதங்களாக வந்திருக்கிறது. கத்தரிப்பூ நிறம் தட்டுப்பட்டால் நடை நின்றுவிடும். அது வேறு சேலை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த எட்டு வைப்பார்.

அவருடைய தங்கை ராதாமணியை ஓவிய உலகத்தில் பலருக்கும் தெரியும். கரிசல் காட்டு வெடிப்புகளையும், விடிகாலையில் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடக்கிற பெண்களின் முதுகுகளையும் வரைந்தவர். அக்காவின் சம்பளத்தில் சென்னைக்குப் போய்ப் படித்தார். வெளிநாடுகளிலெல்லாம் அவர் படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பத்திரிகைகளில் வந்த அவர் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் மாறாமல் இருக்கும். இடது கையில் தூரிகை பிடித்திருப்பார். முந்தானை முழுக்க வண்ணக் கறை. தூரிகையைத் துடைக்கத் துணி எடுப்பதில்லை, கட்டியிருக்கும் சேலையிலேயே துடைப்பார்.

"சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சேல கட்டுதியா, கை தொடைக்கிற சவுக்கத்தக் கட்டுதியான்னு கேப்பேன். காதுல வாங்க மாட்டா" என்கிறார் வெயிலம்மாள், அவரைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்த என்னிடம்.

நோய் முற்றியதும் ராதாமணி கோவில்பட்டிக்கே வந்துவிட்டார். அக்கா வீட்டில் ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் மாற்றி மாற்றி உடுத்தியது இரண்டே சேலைகள். அதில் ஒன்றுதான் கத்தரிப்பூ நிறக் கைத்தறி. இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால், சுவரில் சாய்த்து உட்கார வைக்கச் சொல்லி, வரைகிறேன் என்று பச்சை வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்திருக்கிறார். கை நிற்கவில்லை. தூரிகை மடியில் விழுந்து முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை அப்பிக்கொண்டது.

"நான் ஏசிட்டேன், தம்பி. உடம்பு முடியாதவளப் போயி, இதையும் நாந்தான துவைக்கணும்னு ஏசிட்டேன். அவ துவைக்காதக்கா, இருக்கட்டும்னா. அவ்வளவுதான் சொன்னா."

துவைக்கவில்லை. ராதாமணி போன பிறகு அந்தச் சேலையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். பெட்டியைத் திறந்தால் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசமும் தங்கையின் வாசமும் சேர்ந்து வரும் என்கிறார். பக்கத்து வீட்டு ஷைலாவைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டி, "நான் போய்ட்டேன்னா புதுத்துணி ஒண்ணும் எடுக்காதீங்க. இதைக் கட்டி அனுப்பிருங்க" என்று சொல்லியும் வைத்திருந்தார். ஷைலா கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் டைப் செய்கிற பெண். வெயிலம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியிலிருந்து ஹரி என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாராம். புகழ்பெற்ற பெண் கலைஞர்களைப் பொம்மைகளாகச் செய்கிறோம், குழந்தைகள் விளையாட அல்ல, சேகரிப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு, ராதாமணி அம்மாவை முந்நூறு பொம்மை மட்டும் செய்யப்போகிறோம் என்று விளக்கினார். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதால் அவர் உடுத்திய சேலை ஒன்று வேண்டும், படம் பிடித்து அளவெடுத்துக்கொண்டு ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்றார். இன்னொரு சேலை ஏற்கெனவே எரியூட்டும்போது தங்கையோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

"குடுக்க மனசில்ல. ஆனா பொம்மைன்னதும் அவ முகத்தப் பாக்கலாம்னு ஆச வந்துட்டு. அவ படம் வரஞ்சா, அவள யாரு வரஞ்சா? ஒரு தாள நீட்டுனாவ. வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். ஷைலா அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தா."

எட்டு மாதம் கழித்துப் பொம்மை வந்தது. சேலை வரவில்லை.

அந்தப் பொம்மையை நானும் பார்த்தேன். ஒரு முழ உயரம். முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த பெட்டி. அக்கா தங்கை இருவருக்கும் இல்லாத கோதுமை நிறம். வலது கையில் ஒரு குட்டித் தூரிகை. வெயிலம்மாள் முதலில் கேட்டது, "எங்க கறுப்பு எங்க போச்சு?" என்பதுதானாம். அடுத்து, "இவ எடக்கைக்காரியாச்சே." அப்புறம் பொம்மை உடுத்தியிருந்த துணியைப் பார்த்திருக்கிறார். கத்தரிப்பூ நிறம். முந்தானையில் பச்சைக் கறை, அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பெட்டிக்குள் இருந்த அட்டையை ஷைலா தமிழில் சொன்னார்: ஒவ்வொரு பொம்மையும் அணிந்திருப்பது கலைஞர் உடுத்திய அசல் சேலையின் ஒரு துண்டு.

"வெட்டிட்டாவளா?" என்று கேட்டிருக்கிறார் வெயிலம்மாள். ஷைலா அட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். "முந்நூறா வெட்டிட்டாவளா, ஏட்டி?" அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஹரிக்குப் போன் செய்தார்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அது நீங்க அன்பளிப்பா குடுத்ததும்மா. நீங்க கையெழுத்து போட்ட தாள்லயே இருக்கு" என்றார். தாளின் நகல் வந்தது. ஷைலா படித்துப் பார்த்தார். இருந்தது. வக்கீல் சங்கரபாண்டியனிடம் கொண்டுபோனார்கள். அவரும் படித்துவிட்டு, "கையெழுத்து உங்களுதுதானம்மா?" என்று மட்டும் கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஹரியின் எண்ணில் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

பொம்மை சேகரிப்பவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஷைலா அதில் ஒரு வேண்டுகோள் எழுதிப் போட்டார். பொம்மை உங்களிடமே இருக்கட்டும், அந்தத் துணித் துண்டை மட்டும் அவர் அக்காவுக்கு அனுப்பி வைப்பீர்களா என்று கேட்டார். அன்றிலிருந்துதான் இந்தக் கூரியர் நடை. முந்நூறும் வராது என்று வெயிலம்மாளுக்குத் தெரியும். "ஒரு அம்பது வந்தாக்கூட ஒட்டுப் போட்டுத் தச்சி மேல போத்திக்கிடலாம்லா" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

முதல் துண்டு புனேயிலிருந்து வந்தது. பொட்டணத்தைப் பிரித்து, தன் பொம்மையின் துணிக்குப் பக்கத்தில் வைத்தார். இதிலும் அதே பச்சைக் கறை. அதே இடம், அதே வளைவு, அதே சிவப்புப் பொட்டு. ஒரு சேலையில் அந்தக் கறை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். வெயிலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினார். ராதாமணியின் வண்ணம் காய்ந்து துணிமேல் திட்டுத் திட்டாக நிற்கும். இது வழவழவென்று இருந்தது. அச்சடித்த துணி.

"வெட்டிட்டாவன்னு நெனச்சி அழுதுட்டிருந்தேன், தம்பி. வெட்டலன்னு தெரிஞ்சதும் சந்தோசம் வரணும்லா? வரலியே. வெட்டியிருந்தா முந்நூறு எடத்துல இருக்கும்னு நெனச்சிக்கிடலாம். இப்ப அது எங்கன கெடக்கு? யாராவது வச்சிருக்காவளா, குப்பையில போட்டுட்டாவளா? இல்ல துவச்சிட்டாவளா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஏன் கூரியர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணு, ரெண்டாவது நெசத்துல வெட்டி வச்சிருக்க மாட்டானா?" என்றார். இதுவரை நான்கு துண்டுகள் வந்திருந்தன. நான்கிலும் அதே கறை. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டு, தகரப் பெட்டியில் போடாமல் ஜன்னல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

நான் போயிருந்த அன்று ஐந்தாவது வந்தது. வேல்சாமியே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. வாசலில் ஒரு காலை ஊன்றி நின்று, வெயிலம்மாள் பிரிப்பதைப் பார்த்தார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தது. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அனுப்பியிருந்தார். துணியோடு நான்கு பக்கக் கடிதம். சாயங்காலம் ஷைலா வந்ததும் படித்துக் காட்டினார். அந்த நர்ஸுக்கு ஒரே மகளாம். ராதாமணி ஓவியங்கள் மேல் பைத்தியமாக இருந்த பெண். அவளுடைய பிறந்தநாளுக்கென்று இந்தப் பொம்மையைச் சொல்லி வைத்திருக்கிறார். பொம்மை வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால் சாலை விபத்தில் மகள் போய்விட்டாள். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாராம். "இந்தத் துணி உங்கள் தங்கை உடம்பில் இருந்தது. உங்களிடம் சேர்வதுதான் நியாயம். என் மகள் இருந்தாலும் அனுப்பியிருப்பாள். வந்து சேர்ந்ததும், இது அந்தச் சேலைதானா என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும்" என்று முடித்திருந்தார்.

ஷைலா கடிதத்தை மடித்தார். வெயிலம்மாள் துணியைக் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். பெருவிரல் பச்சையின் மேல் ஒருமுறை போய்த் திரும்பியது. எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, அதே வளைவு, அதே சிவப்புப் பொட்டு. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறுவதற்கு எதுவும் மிச்சமில்லாத முகமாக இருந்தது. துணியை மடியில் வைத்துவிட்டு, "தாள் எடு, ஏட்டி" என்றார்.

ஷைலா நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலம்மாள் சுவரைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல, பேனா ஓடியது.

"அன்புள்ள அம்மாவுக்கு. கோவில்பட்டியிலேருந்து வெயிலம்மாள் எழுதுதேன். நீங்க அனுப்புன துணி வந்து சேந்துது. பிரிச்சதும் அவ வாசம் அடிச்சிது. தொட்டுப் பாத்தேன். எங்க ராதா சேலதான் இது."

பேனா நின்றது. ஷைலா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பெரியம்மா..."

வெயிலம்மாள் சற்றே குனிந்து, தாளில் எழுத்து நின்றுபோன இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, இரண்டு முறை தட்டினார்.