சரிவில் நின்ற வண்டி

ஏசுதாஸைப் பற்றிக் காலனியில் யாரைக் கேட்டாலும் முதலில் வண்டியைத்தான் சொல்வார்கள். அப்புறம்தான் ஆளை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலைக்குக் கீழே, வயலாக இருந்து மனையாகி, பாதியில் அப்படியே நின்றுபோன இடத்தில் இருக்கிறது அந்தக் காலனி. அவனுடைய அப்பா அந்த வயல்களில் அடுத்தவர் நெல்லை அறுத்தவர். ஏசுதாஸ் அரிவாளைத் தொடவில்லை. செங்கல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினான். பிறகு படூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பல வருஷம் திரிந்தான். அவனுக்கு நாற்பது தாண்டியபோது காலனியின் கிறிஸ்தவ சபை ஒரு பழைய டீசல் கார் வாங்கியது. கிட்னி போனவர்களைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதற்காக. யார் ஓட்டுவது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். வேலை அவனுடையதாயிற்று.

காருக்கு ஒரு நோய் இருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. செல்ஃப் மோட்டாரை மாற்றிய பிறகும் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும். நல்ல வேளையாக, பெருவெள்ளத்துக்குப் பிறகு சபையின் கோயிலை இடித்து மேடாக்கிக் கட்டியிருந்தார்கள். வாசலிலிருந்து தெருவுக்கு நீளமாக ஒரு சிமெண்ட் சரிவு இறங்கியது. ஏசுதாஸ் அதில்தான் வண்டியை நிறுத்துவான், மூக்கு தெருவைப் பார்க்க, முன்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்து. காலையில் கல்லை எடுத்துவிட்டால் வண்டி தானாக உருளும். ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். தண்ணீரும் தேங்காது, தள்ள ஆளும் தேட வேண்டாம்.

கல்லை எடுப்பதற்கு முன்னால் அவன் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பானெட்டைத் திறப்பான். ஆயில் அளக்கும் கம்பியை உருவுவான், பழைய வேட்டித் துண்டால் துடைப்பான், மறுபடி முழுசாக உள்ளே விடுவான், உருவி வெளிச்சத்தில் பிடிப்பான். கம்பியின் நுனியில் இரண்டு கோடு. மேல் கோடு நிறைவு, கீழ்க் கோடு ஆபத்து. கறுப்பு எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

செவ்வாயும் வெள்ளியும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் காசியம்மாள். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை பெருக்கிக்கொண்டிருந்தவள், கிட்னி கெட்டுக் கால் வீங்கிப் போய் வேலையை விட்டவள். கோயில் அவளுடையதல்ல, வண்டியில் ஏறுமுன் பையிலிருந்து மஞ்சள் துணுக்கு எடுத்துக் கதவில் தேய்ப்பாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"இன்னாடா ஏசு, அதுக்கு மட்டும் தெனம் ஜொரம் பாக்குற. என்னைய ஒரு நாளு இன்னா ஏதுன்னு கேட்டியா?"

"உனக்கு ஜொரம் வந்தா நீ ஊருக்கே சொல்லிடுவ காசிம்மா. இது வாயத் தொறக்காது."

"ஆமா, நீ மட்டும் வாயத் தொறந்து கிழிச்ச" என்றபடி ஏறி உட்காருவாள்.

ஒரு மாசி மாதம் சில நாளாக, வளைவு திரும்பும்போதெல்லாம் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிவிட்டு அணைந்தது. எண்ணெய் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு. மினுக்கிய அன்றைக்கே ஓரங்கட்டியிருக்க வேண்டும். ஆனால் காலையில்தான் கம்பியில் எண்ணெய் பாதிக்கு மேலேயே நின்றதை அவன் பார்த்திருந்தான். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு விளக்கை நம்புவதா? ஒயர் லூசு என்று முடிவு கட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அவன் கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் நின்றுபோயிற்று. சாவியைத் திருப்பினால் அசைவே இல்லை. வெயிலில் புளியமரத்து நிழல் வரை காசியம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்தான். போன ஷேர் ஆட்டோ ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்தது. ஒருவழியாக பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் சாய்ந்திருந்தவளுக்குச் சாயங்காலத்துக்குள் மூச்சு இரைத்தது. நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் போன வழியையே பார்த்துக்கொண்டு ஏசுதாஸ் நின்றான். கையில் அவளுடைய செருப்பு இருந்தது.

அவள் பிழைத்தாள். ஆனால் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் எல்லப்பன் சொன்ன வார்த்தை அவளுக்கு முன்னால் காலனிக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணாத்த, அடியில கொஞ்சூண்டுதான் கீது. மேலல்லாம் காஞ்சி போயி கீது. கடேசியா எப்போ ஆயில் பாத்த?"

"அன்னிக்கிக் காலீல."

எல்லப்பன் கையைத் துடைத்துக்கொண்டே அவனை ஒரு முறை பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை.

டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "தெனம் கம்பிய உருவி உருவிப் பாத்தானே, வித்த காட்டிகினு இருந்தானா?" சபைச் செயலாளர் ஆல்வின், சின்னப் பையனாக ஏசுதாஸின் தோளில் ஏறியவன், வீட்டுக்கே வந்து கேட்டான். "ண்ணா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்."

"அப்போ ஆயில் எங்க போச்சு?"

பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரியும். ஏசுதாஸுக்கு அதுவும் தெரியவில்லை. பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று தன் கண்ணையே சந்தேகப்பட்டான்.

காசியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். திரும்பி வரும்போது முகம் சாம்பலாக இருக்கும். ஒரு நாள் படியில் சறுக்கி முழங்கால் சிராய்ந்தது. வண்டி சரியாகி வந்துவிட்டது என்று ஆல்வின் போய்ச் சொன்னபோது, "நா பஸ்லியே போய்க்குறேன் நைனா" என்றாளாம். அது காதில் விழுந்த அன்று ஏசுதாஸ் சாப்பிடவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் இன்னொரு முறை படியில் விழுந்துவிடக் கூடாது.

வண்டி வந்த மறுநாள் காலை, வழக்கம்போல் சரிவில் நின்ற வண்டியின் கம்பியை உருவினான். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நன்றாக ஏறியிருந்தது. பட்டறையின் சமதரையில் எல்லப்பன் மேல் கோட்டுக்குச் சரியாக ஊற்றி, அவன் கையிலேயே கம்பியைக் கொடுத்துக் காட்டியிருந்தான். ராத்திரியில் யாரும் வந்து ஊற்றியிருக்க முடியாது. துடைத்து மறுபடி பார்த்தான். அதே இடம்.

வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான். அது தாழ்ந்திருந்தது. கம்பி இருக்கும் இடமும் முன்பக்கம்தான்.

கல்லை எடுத்தான். வண்டியைத் தெருவுக்கு உருட்டி, சமமான இடத்தில் நிறுத்தி, எண்ணெய் அடங்கட்டும் என்று பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறகு உருவினான். மேல் கோட்டில், ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது எண்ணெய்.

சாய்ந்த சோற்றுப் பானையில் கஞ்சி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்காதவனா அவன்? மாதக்கணக்கில் எஞ்சின் குடித்துக் குடித்துக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மிச்சம் இருந்த கொஞ்சமும் சரிவில் முன்னால் ஓடி வந்து கம்பியைத் தொட்டு, இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. அவன் தினமும் பார்த்தது உண்மை. கம்பி காட்டியது பொய். பானெட்டைச் சாத்தினான். ஆல்வினிடம் சொன்னால் தன் பேர் பாதி நிமிரும் என்று தெரிந்தது. ஆனால் கால் காசியம்மாள் வீட்டுக்குத்தான் போயிற்று.

அவள் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"அப்போ நீ பொய் சொல்லல."

"இல்ல காசிம்மா."

"பொய் சொன்னேன்னு சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு ஏறியிருப்பேன்டா." காம்பு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். "தெரியாம செஞ்சேன்ற. நாளைக்கி வேற எது உனுக்குத் தெரியலியோ. உன்ன நம்பி எப்டி உக்காருவேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேட்டது சரி.

அவன் திரும்பி நாலு எட்டு போயிருப்பான். "டேய்" என்றாள். "செவ்வாக்கெழம வண்டிய இங்க கொண்டா. என் வூட்டாண்ட தர மட்டமாத்தான் கீது. என் கண்ணு முன்னால பாரு."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொண்டுவந்தான். எஞ்சினை அணைத்தான்.

"பாரேன்டா."

"கொஞ்சம் பொறு காசிம்மா. மேல ஏறின எண்ணெ கீழ எறங்கணும்."

"நேரமாவுது."

"ஆவட்டும்."

தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தெருவில் படுக்க வைத்தான். உருளவில்லை. திசை மாற்றி வைத்தான். உருளவில்லை. எதிர்வீட்டுப் பெண் கோலப்பொடி டப்பாவோடு வேடிக்கை பார்த்தாள். பிறகுதான் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்தான். காசியம்மாள் கையை நீட்டினாள். கம்பியைக் கண்ணருகே கொண்டுபோனாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் இரண்டு கோட்டுக்குப் படிப்பு வேண்டாம்.

"மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. இது போதுமா?"

"போதும்."

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பின்சீட்டில் அல்ல, முன்னால். மலையையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. வளைவு வந்தபோதெல்லாம் அவள் கண் மீட்டரின் மேல் இருந்தது. விளக்கு எரியவில்லை. ஏசுதாஸின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மதியத்துக்கு மேல் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தாள். முழங்கையில் பிளாஸ்திரி, நடை துவண்டிருந்தது. ஏசுதாஸ் அவசரமாகப் போய்க் கதவைத் திறந்து பிடித்தான். அவள் கதவுக்கு வரவில்லை. வண்டியின் முன்னால் போய், பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அவன் கதவைச் சாத்தினான். பாட்டிலை எடுத்து ஆஸ்பத்திரித் தரையில் படுக்க வைத்தான். அது மெதுவாக உருண்டு சுவரோரம் போய் நின்றது.

"இங்க சாய்வா கீது காசிம்மா. அந்தாண்ட தள்ளி நிறுத்துறேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஆவும்."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சைப் பார்த்து அவள் நடக்க ஆரம்பித்தாள்.