தமுக்கில் மூன்று பெயர்கள்

இன்று காலை ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெரு வழியாக ஓர் ஆட்டோ, கண் சிகிச்சை முகாம் பற்றி ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு போனது. பதிவு செய்த குரல். பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு, நெருப்பில் காய்ச்சிய தமுக்குத் தோலின் வாசனை வந்தது. வயதானால் மூக்கு இப்படித்தான் ஏமாற்றும்.

போர் முடிந்து வந்த முதல் பொங்கல் கழிந்த வாரம் அது. தேதி நினைவில்லை. தேதி விஷயத்தில் ஊரையே திருத்துகிறவனுக்கு இது ஒரு தண்டனைதான். புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் புதிதாக வாத்தியார் வேலை எனக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள்.

அவ்வூரின் தமுக்குக்காரர் மாரப்பன், சேரியைச் சேர்ந்தவர். பர்மாவில் குண்டுகளுக்கு நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தவர். தன் தோளிலும் ஒரு தழும்போடு திரும்பி, அதே தோளில் தமுக்கை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பதக்கம் வந்திருந்தது. சாவடித் திடலில் கலெக்டரே அணிவிப்பதாக ஏற்பாடு.

தமுக்கில் ஆள் பெயரோ சேரி என்றோ சொல்லி அழைக்காமல் சேரிக்காரர் யாரும் அந்தத் திடலில் கால் வைக்கக் கூடாது. அழைத்துவிட்டால் யாரும் தடுக்கவும் கூடாது. இது ஊர் வழக்கம். மணியக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். கலெக்டர் தொரை வருகிறார் என்று மட்டும் தமுக்கில் சாட்டு, பெயரெல்லாம் வேண்டாம் என்று மாரப்பனுக்கு உத்தரவிட்டார். மாரப்பனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பதக்கத்தைத் தானே வாங்கிவிடுவது திட்டம். தன் சாமர்த்தியத்தை எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

சாயங்காலம் தமுக்குச் சத்தம் கேட்டு, கையில் சாக்பீஸோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தேன்.

"நாளைக் காலையில பட்டாளத்து மெடல் குடுக்கறாங்க. சின்னான் மவன் மாரப்பன், காளி மவன் பழனி, குப்பன் மவன் கருப்பன், மூணு பேரும் திடலுக்கு வரோணும். சேரிச் சனம் அத்தனையும் கூட வரோணும்."

பழனியும் கருப்பனும் அவரோடு பட்டாளத்துக்குப் போய், பர்மாவிலேயே செத்தவர்கள். ஊரே அறியும். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு கவுண்டர் சிரித்தார்.

"ஏன்டா மாரா, உன்ர பேரை நீயே கூவறே, சரி. செத்தவனுங்களையுமா கூப்புடறே?"

"பேரு சொல்லாம திடலுக்கு வரக் கூடாதுங்களே சாமி."

அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்துகொண்டார். மாரப்பன் அடுத்த தெருவுக்குப் போய் அதையே சாட்டினார்.

மறுநாள் திடல் நிறையச் சேரிச் சனம். மணியக்காரர் மாலையோடு ஓரமாக நின்றார்; காய்ச்சல் பேச்சே எடுக்கவில்லை. மாரப்பன் நடுவில் நிற்காமல் ஓரம் ஒதுங்கி நின்றார். அவருக்கு அடுத்து, பழனியின் இடத்தில் அவன் அம்மா. அதற்கடுத்த இடம் காலி, கருப்பனுக்கு யாருமில்லை. பதக்கம் குத்திய கலெக்டர், ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டார்.

"மூணு பேரு போனமுங்க. மூணு பேருந்தான் நிக்கறமுங்க."

தாசில்தார் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி, அந்த வெற்று மண்ணைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

சாவடி இடிந்துவிட்டது. திடலில் இப்போது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிற்கின்றன. மாரப்பனும் போய்விட்டார். நான் எந்த ஊருக்குப் போனாலும் போர் நினைவுக் கல் இருந்தால் நின்று முழுவதும் வாசிப்பேன். காளி மவன் பழனியையும் குப்பன் மவன் கருப்பனையும் இதுவரை எதிலும் பார்க்கவில்லை. அவர்களை ஊரறியக் கூப்பிட்டது அந்தத் தமுக்கு ஒன்றுதான்.