கிரிஜா டீச்சர் பேனாவால் எழுதிய பேர்

கிரிஜா டீச்சர் இறந்துவிட்டார். காலையில் அவருடைய பழைய மாணவி ஒருத்தி போனில் சொன்னாள்.

சரிம்மா என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல... நாற்பது வருஷமாக நான் அவரோடு பேசவில்லை.

பிறகு வாட்ஸப்பில் அஞ்சலிப் படம் வந்தது. 'திருமதி' என்று போட்டு வீட்டுக்காரர் பேர். டீச்சர் பேர் இல்லை. பாடம் நடத்தியவர் என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யுனிவர்சிட்டியில் சரித்திரம் நடத்தியவர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் எதுவும் ஓடாத காலத்தில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஏரிக்கரைக்கு வந்தார். நான் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகாதவள். பஸ் போர்டையும் பொட்டலக் காகிதத்தையும் பார்த்துப் படிக்கக் கற்றிருந்தேன்.

அவர் அட்டெண்டன்ஸ் எடுப்பதே வேறு மாதிரி. அம்மா பேரும் அம்மா செய்யும் வேலையும் சொல்லவேண்டும். ஒரு பையன், "அம்மா சும்மா வூட்லதான் மேடம் கீறாங்க" என்றான். ஆப்சென்ட் போட்டுவிட்டார். வயலில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம்.

பிள்ளைகளின் புத்தகத்தில், எங்கள் ஏரிக்கரையை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கட்டியதாக இருந்தது. படித்துக் காட்டி, உண்மையா என்று எங்களிடம் கேட்டார்.

"அவரு குதிர மேல வந்து பாத்துகினு போனாராம். மண்ணு சொமந்தது எங்கம்மா" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பிள்ளைகளிடம். கரை உடைந்தால் பெண்கள் எப்படி வரிசையில் நின்று கூடை மாற்றுவார்கள் என்று நான் சொன்னேன். அன்றைய பாடம் அதுதான்.

அப்புறம் யுனிவர்சிட்டிக்கே கூப்பிட்டார். பட்டம் இல்லாதவள் வகுப்புக்குள் பேசக்கூடாது என்று தடுத்தார்கள். டீச்சர் சண்டை போடவில்லை. வகுப்பையே வராண்டாவுக்குக் கொண்டுவந்து, என் எதிரே தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

நாங்கள் சொன்னதெல்லாம் புத்தகமாக வந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'கூலிப் பெண் ஒருத்தி கூறியது'... கலெக்டர் பேர் மட்டும் முழுசாக இருந்தது.

டீச்சரிடம் கேட்டேன். எங்கள் பேரை மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்கள் என்றார்.

"அச்சுக்குப் போறப்ப பாத்து கையெழுத்து போட்டது நீங்கதானே டீச்சரம்மா?"

"ஆமா, நான்தான்."

அதோடு பேச்சை விட்டேன்.

சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார், கையில் அந்தப் புத்தகத்தோடு. கூலிப் பெண் என்பதை அடித்துவிட்டு, 'முனியம்மாள், அவர் மகள் கன்னியம்மாள்' என்று எங்கம்மா பேரையும் என் பேரையும் பேனாவால் எழுதியிருந்தார். லைப்ரரியில் இருந்த எல்லாப் பிரதியிலும் எழுதிவிட்டாராம்.

"அச்சுல வராத பேரு எனக்கு இன்னாத்துக்கு?" என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பஸ் வரும்வரை வெயிலில் நின்றார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தப்பு செய்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்...

இப்போது அந்த அஞ்சலிப் படத்தில், வீட்டுக்காரர் பேருக்கு மேலே நானே எழுதி, வந்த குரூப்புக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேர்: கிரிஜா. வேலை: பாடம் நடத்தியது.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. போய் வாங்க, டீச்சரம்மா.